நாக்கில்லாத வால்வு

ஒரு ஆள், ஒரு பக்கெட் குளியல், இரண்டு வேளைச் சமையல், வாரத்துக்கு ஒரு தடவை துவைக்கிற நாலு துணி. சத்தியநாதனின் தண்ணீர்ச் செலவு இவ்வளவுதான். காலையில் போர்வெல் மோட்டாரைப் போட்டு மொட்டைமாடி டேங்க்கை வழிய வழிய நிரப்புவார். மதியம் கை கழுவக் குழாயைத் திறந்தால் அது கொர்ரென்று ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

ரெவின்யூ ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், தண்ணீர் காணாமல் போகிறது என்று அவர் சொல்வதில்லை. "கணக்கில் வராத இழப்பு" என்பார். யாரிடம் சொல்வார் என்பது வேறு விஷயம். மனைவி தபீதாள் இறந்தபின் அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்க மிச்சமிருந்தது அலமாரிக் கண்ணாடி ஒன்றுதான். அதிலும் பாதி ரசம் போயிருந்தது.

வீடு ஆந்திரத்துச் சித்தூரில், ஒரு சரிவான தெருவின் பள்ளத்துக் கோடியில். கேட்டை ஒட்டித் தெருக்குழாய் ஒன்று உண்டு. முனிசிபல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும். மற்ற நாளில் குழாய் காய்ந்து கிடக்கும். எல்லாத் தெருவிலும் அப்படித்தான். ஆனால் போன கோடையிலிருந்து இந்தத் தெருவில் மட்டும் வராத நாளிலும் தண்ணீர் வந்தது. காலை பத்து மணிவாக்கில் குழாய் இருமும், காற்றைத் துப்பும், பிறகு ஒழுங்காக ஊற்றும். ரத்னம்மா, மணியம்மா, கைக்குழந்தைக்காரி உதயா மூவரும் குடங்களோடு வந்து குந்திக்கொள்வார்கள். குடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பேச்சு நிரம்பத்தான் நேரமாகும்.

சத்தியநாதன் ஜன்னலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாள் ஒரே பக்கத்தில் நிற்கும். யாருடைய மருமகன் குப்பம் டவுனுக்கு கிரானைட் வேலைக்குப் போய் போனை எடுக்க மாட்டேன் என்கிறான், யார் வீட்டுப் பெண் காலேஜ் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை சபையில் கை குலுக்குகிறவர்களை விட்டால், அவர் காதில் விழுகிற மனிதக் குரல் அது ஒன்றுதான்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரத்னம்மா கேட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். "இன்னா சார், துன்னீங்களா? நாளைக்கும் மோட்டார் போடுவீங்கதான?"

"ஆகட்டும், ஆகட்டும்" என்பார் அவர், ஃபைலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற தோரணையில். அவள் போனபிறகு அந்தக் கேள்வியை மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வார்.

வராத நாள் தண்ணீருக்குச் சீக்கிரமே ஒரு சொந்தக்காரர் முளைத்தார். கங்கையா, வார்டு தலைவர். எந்தத் தேர்தலிலும் நின்றவரில்லை; அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. மேலிடத்தில் தாம் பேசிய பேச்சினால்தான் தினசரித் தண்ணீர் வந்தது என்று அவர் டீக்கடையில் ஒருமுறை சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுநாள் தெலுங்கிலும் தமிழிலும் பேனர் ஏறியது. 'அபர பகீரதர் கங்கையாவுக்கு நன்றி.' கட்டிய இடம் சத்தியநாதனின் காம்பவுண்டு சுவர். அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார். மறுக்க ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

டேங்க் காலியாவதைப் பார்க்க திலீப் என்ற பிளம்பர் இரண்டு முறை வந்தான். அவனுடைய விசிட்டிங் கார்டில் பிளம்பர் என்ற சொல்லே கிடையாது, 'வாட்டர் கன்சல்டன்ட்' என்று இருந்தது. முதல் தடவை டேங்க்கைத் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு என்று சொல்லி எதையோ பூசினான். இரண்டாம் தடவை பூசுவதற்கும் இடம் கிடைக்கவில்லை.

"வெயில் ஜாஸ்தி சார். ஆவியாப் போய்க்கினு இருக்குது."

"முழு டேங்க் தண்ணீருமா? மூடி போட்ட டேங்க்கிலிருந்தா?"

"மூடி சரியா ஒக்காரல சார்."

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சித்திரை பிறந்ததும் மகன் ஆண்ட்ரூ திருப்பதியிலிருந்து வந்து அவரைக் கையோடு கூட்டிப் போனான். அங்கே ஐந்தாவது மாடியில் ஃபிளாட். காலையில் ஆண்ட்ரூவும் மருமகள் லீனாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பால்கனியில் நின்றால் மலை தெரியும். ஊர் உலகமெல்லாம் அந்த மலையைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் வாசலில் நின்று லிப்ட் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். லிப்டில் ஏறுகிறவர்கள் போனைப் பார்த்தார்கள். குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்தது, ஆனால் அதைப் பிடிக்க அங்கே யாரும் கூடவில்லை.

"நைனா, சித்தூர் வீட்ட பூட்டிக்கினு இங்கயே இருந்துடுங்க. அங்க இன்னா இருக்குது?" என்றான் ஆண்ட்ரூ.

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறவுக்காரிகள் அல்லாத மூன்று பெண்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அவரிடம் அல்லாமல், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இதை மகனிடம் எந்தத் தலைப்பில் சொல்வது? "சபை வேலைகள் இருக்கின்றன" என்றார்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. ரத்னம்மா.

"சார், எப்ப வருவீங்க? நீங்க இல்லாத தெருவே காஞ்சி கெடக்குது சார். அங்கயே இருந்துடாதீங்க."

அவர் அவசரமாக ஸ்பீக்கரை அழுத்தினார். "என்ன சொன்னாய் அம்மா, சரியாகக் கேட்கவில்லை." அவள் மறுபடி சொன்னாள். லீனா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆண்ட்ரூ டிவியின் சத்தத்தைக் குறைத்தான். சத்தியநாதன் போனை மெதுவாக மேசைமேல் வைத்தார், மெடல் வைப்பதுபோல.

மறுநாள் காலை முதல் பஸ். கிளம்பும்போது லீனா சொன்னாள்: "மாமா, போனதும் டேங்க்க கழுவுங்க. மூடி ஒக்காரலன்னு சொன்னீங்களே. கொஞ்சமா பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைங்க."

வீட்டுக்கு வந்தவுடன் மொட்டைமாடிக்கு ஏறினார். டேங்க் சுத்தமாகக் காலி. அடியில் பாசியும் சேறும், சேற்றில் ஒரு ஓணான். செத்து வெகுநாளாகியிருந்தது. தாம் பல் தேய்த்ததும் இந்தத் தண்ணீரில்தான். அதை வழித்து எறிந்து, தேய்த்துக் கழுவி, மோட்டாரைப் போட்டு நிரப்பி, பவுடரைக் கொட்டினார். லீனா சொன்ன 'கொஞ்சம்' அவருக்குப் போதாது என்று பட்டது. உபரியாகவே போட்டார். சாயங்காலம் வரை ஊறட்டும் என்று வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். அன்று தண்ணீர் வராத நாள்.

குழாய் இருமியது. குடங்கள் வந்தன.

"சார் வந்துட்டாரு போல" என்றாள் மணியம்மா.

"வந்தாச்சி, வந்தாச்சி. மோட்டார் சத்தம் கேட்டுச்சே." இது ரத்னம்மா. சற்றுப் பொறுத்து, "இன்னாடி இது? ஆஸ்பத்திரி வாசன அடிக்குது."

"மருந்து போட்டுக்கீறாங்க. நான் சொல்லித்தான் போட்டாங்கன்னு கங்கையா சொல்லிக்குவாரு. இதுக்கு ஒரு பேனர் வெச்சிடுவாரு பாரு" என்றாள் மணியம்மா.

"கொயந்தைக்கு கண்ணு எரியுமா அக்கா?" என்றாள் உதயா.

சத்தியநாதனின் கையில் இருந்த செய்தித்தாள் தானாக மடிந்தது. விரல்களை முகர்ந்து பார்த்தார். அதே ஆஸ்பத்திரி வாசனை. எழுந்து பக்கவாட்டுச் சுவருக்குப் போனார். தெருவிலிருந்து வந்து மொட்டைமாடிக்கு ஏறும் இரும்புக் குழாய் அங்கே இருந்தது. உள்ளங்கையை வைத்தார். குழாய் சில்லென்று இருந்தது. நாடி போல உள்ளே ஒரு நடுக்கம். வெளியே ரத்னம்மா குடம் மாற்றுவதற்காகக் குழாயை மூடினாள். நடுக்கம் நின்றது. திறந்தாள். நடுங்கியது.

முனிசிபல் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து டேங்க்கின் அடிவயிற்றில் ஏறும்படி அந்த வீட்டில் குழாய் போட்டிருந்தது. முனிசிபல் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வு. அதற்குள்ளே ஒரு பித்தளை நாக்கு. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது நாக்கு தூக்கிக்கொண்டு வழிவிடும். அதே தண்ணீர் திரும்பத் தெருவுக்குப் போகப் பார்த்தால் விழுந்து அடைத்துக்கொள்ளும். போன கோடையில் முனிசிபல் தண்ணீருக்கு அந்த நாக்கைத் தூக்குகிற வலுக்கூட இல்லாமல் போயிற்று. 'தடையை அகற்றவும்' என்று உத்தரவிட்டவர் சத்தியநாதன். திலீப் நாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டை மாட்டி, "இனிமே ஃப்ரீயாப் போவும் சார்" என்றான். போவதற்குத் தடை இல்லையென்றால் திரும்பி வருவதற்கும் இல்லை என்பது இருவர் புத்திக்கும் எட்டவில்லை. வெளியிலிருந்து பார்க்க வால்வு வால்வாகவே இருந்தது. நாற்காலி உண்டு, வேலை கிடையாது. அப்படிப்பட்டவர்களை அவர் ஆபீசில் நிறையப் பார்த்தவர். தம் வீட்டுச் சுவரில் இருந்ததைத்தான் அடையாளம் தெரியவில்லை.

ஆக, தெருக்குழாய் காலியாகிற நாளில் அவருடைய டேங்க் கீழே இறங்கித் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது. பகீரதர் கங்கையா அல்ல. அதில் அவருக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணம் திருப்பதிக்கு வந்த போன் நினைவுக்கு வந்தது. தெருவே காய்ந்து கிடக்கிறது என்று அவள் சொன்னது தெருவைப் பற்றித்தான். துன்னீங்களா என்ற கேள்வி, மோட்டார் போடுவீங்களா என்ற கேள்விக்கு முன்னால் வைத்த மரியாதை. ஒரு வருஷமாக அதைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

குழாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். குழாயடியில் அவர் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. மூவரும் எழுந்தார்கள்.

"உட்காருங்கள். ஒரு தகவல் தெரிவிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் முனிசிபல் தண்ணீர் அல்ல."

"தெரியுமே சார்" என்றாள் ரத்னம்மா. "ஒங்க மோட்டார் ஓடினாதான எங்க கொழா பேசும்."

"பிறகு அந்தப் பேனர்?"

"அது அவரு மூஞ்சி, அவரு கட்டிக்கினாரு. எங்களுக்கு இன்னா?" அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லிக்காத குடுக்கறீங்கன்னு நாங்களும் கேட்டுக்கல சார். வெளிய பேரு வேணாம்னு நெனைக்கிற மனுசன் இந்தக் காலத்துல யாரு? தபீதாம்மா பேர்ல பண்றாருன்னு மணியம்மாகூட சொல்லும்."

மணியம்மா தலையாட்டினாள்.

பணியில் இருந்த காலமெல்லாம் பேர் வாங்கவே பாடுபட்ட சத்தியநாதனைப் பேர் வேண்டாத பெரிய மனிதராக இந்தத் தெரு ஒரு வருஷம் வைத்திருந்திருக்கிறது. சும்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனால் போதும். அந்த அடக்கத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். நாளையும் பத்து மணிக்குக் குரல்கள் வரும்.

உதயாவின் குழந்தை ஈரக் குடத்தின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

"அதைக் கொட்டிவிடுங்கள்" என்றார். "நான் கொடுக்கவில்லை. வால்வு பழுது. எனக்கே இன்றுதான் தெரியும். டேங்க்கில் ஓணான் செத்துக் கிடந்தது. பல நாளாக. அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள்... நாமெல்லாம்... இப்போது அதில் மருந்து வேறு அதிகம்."

உதயா குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். மணியம்மா காறித் துப்பினாள். ரத்னம்மா அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. உயர்ந்த இடத்தில் வைத்திருந்த ஏதோ ஒரு சாமானை இறக்கி வைப்பவள் போலப் பார்த்தாள். மூன்று குடங்களும் சாக்கடையில் கவிழ்ந்தன.

மறுநாள் திலீப் புது வால்வு மாட்டினான்.

"நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க" என்றான்.

"நீ கன்சல்டன்ட்தானே?"

"கேக்கறதுக்குத்தான சார் கன்சல்டன்ட். நீங்க கேக்கல, சொன்னீங்க."

மோட்டாரைப் போட்டு டேங்க் நிரம்பியதும் அவர் குழாயில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். நாக்கு விழுந்து உட்கார்ந்தது. அதன்பின் நடுக்கம் இல்லை. மதியம் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கை கழுவி முடித்த பிறகும் மூட மனம் வராமல் நின்றார்.

வராத நாட்கள் பழையபடி வராத நாட்களாயின. கங்கையா வீட்டு வாசலில் இரண்டு நாள் கூட்டம். மூன்றாம் நாள் பேனரை அவரே ஆள் வைத்து அவிழ்த்துப் போனார், மேலிடத்தில் இருந்தவர் மாற்றலாகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு. சத்தியநாதன் ஜன்னலோரம் செய்தித்தாளை உண்மையிலேயே படித்து முடித்தார். படித்து முடித்தால் பத்தரை மணிதான் ஆகியிருந்தது. விடியற்காலையில் முனிசிபல் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் பேசாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். வைகாசி வெயிலில் தெரு வெறிச்சோடியது. ஆண்ட்ரூ போனில், "இன்னா நைனா, சபை வேலை எப்படிப் போவுது?" என்றான். குரல் அடைத்திருப்பதாக லீனா சொன்னாள். அடைக்கவில்லை. அன்று முழுக்க அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

அதற்குப் பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. டேங்க்கிலிருந்து தனியாக ஒரு குழாய் இழுத்து, காம்பவுண்டு சுவரைத் துளைத்து, தெருப் பக்கம் விட்டார். மூடியை மாற்றினார். குழாய்வாய் குடத்தின் வாய்க்கு ஒரு சாண் மேலேயே நிற்க வேண்டும், முங்கியிருந்தால் குடத்துத் தண்ணீரையும் குழாய் திரும்ப உறிஞ்சிவிடும் என்று ஆண்ட்ரூ எச்சரித்ததை அப்படியே செய்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் சத்தியநாதன் இல்லை. ஒரு தகரப் பலகை எழுதி மாட்டினார். 'புழக்கத்துக்கு மட்டும். நேரம் காலை பத்து முதல் பதினொன்று. வரிசையில் நிற்கவும். குழாயைக் கையாள்வோர் முறையாக மூடவும். உத்தரவுப்படி.' யாருடைய உத்தரவு என்று போடவில்லை. அடக்கம்.

ரத்னம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். உரக்கப் படித்தாள். மற்ற இருவரும் கேட்டார்கள். வெயில் அப்படி, வேறு வழியில்லை. வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். சத்தியநாதன் இஸ்திரி போட்ட சட்டையோடு கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடத்துக்கும் தலையசைத்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள், போனார்கள். ஒரு சொல் கிடையாது. சம்பள நாளில் கஜானா வாசலில் நிற்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் பேசுவார்கள்.

"குழந்தை நலமா?" என்று உதயாவிடம் கேட்டார்.

"நல்லா இருக்குது சார்" என்று அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள்.

இப்படி இரண்டு வாரம். தண்ணீர் ஒழுங்காகப் போயிற்று. பேச்சு மட்டும் வரவில்லை. ஒருநாள் தலைவலி என்று அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திப் படுத்தார். குடம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு:

"காவக்காரரு இல்லியா இன்னிக்கி?" மணியம்மா.

"போனாரு. குந்தேன்டி, காலு நோவுது" என்றாள் ரத்னம்மா.

சத்தியநாதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தினார், சத்தமில்லாமல் கேட்பதற்காக.

"ஏன் அக்கா, புள்ள திருப்பதில அவ்ளோ பெரிய ஊட்ட வெச்சிக்கினு கூப்புடறான். இவரு இங்கயே ஒண்டியா கெடக்கறாரே" என்றாள் உதயா.

"ஒண்டின்னு நீ பாத்தியா?" ரத்னம்மாவின் குரல் இறங்கியது. இறங்கினாலும் ஜன்னலுக்கு எட்டியது. "புத்தலப்பட்டுல யாரோ இருக்கறாங்களாம்."

"அய்ய. இந்த மனுசனுக்கா?"

"ஏன், சட்டைய பாக்கலியா நீ? யாருக்கோசரம் இஸ்திரி?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சத்தியநாதனுக்குக் காதுமடல் சுட்டது. தபீதாளைத் தவிர வேறொரு பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தறியாதவர். திருப்பதி போகிற வழியில் புத்தலப்பட்டில் பஸ் நிற்கும்போதுகூட இறங்கி டீ குடித்ததில்லை. இதை உடனடியாக, எழுத்துமூலமாகவே மறுத்தாக வேண்டும். செருப்பை மாட்டினார். கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"எப்படி இருப்பாங்க பாக்க?" என்று உதயா கேட்டாள் வெளியே.

"செவப்பாத்தான் இருப்பா. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவளாம்" என்றாள் மணியம்மா, தனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதுபோல.

"சமையல் நல்லா பண்ணுவாளா?"

"பண்ணாத இன்னா? அதான போறாரு."

குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் குழாயை மூடவில்லை. சத்தியநாதன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் சத்தம் வராமல் நடந்து ஜன்னலுக்கு அடியில் வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சருக்கு ஒரு மகள் இருக்கிறாளா இல்லையா என்பதில் வெளியே கருத்து வேறுபாடு. இருக்கிறாள் என்றாள் ரத்னம்மா. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.